அடிபட்ட படகுப் புரொப்பெல்லர்: சேதத்தை எடைபோடுவதும் சரிசெய்வதும்

படகின் புரொப்பெல்லர் பாறையிலோ மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையிலோ மோதினால், எஞ்சினைத் தூக்கிப் பார்த்தவுடன் கண்ணில் படுவது வளைந்த இதழ்தான். ஆனால் செலவை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த வளைவு அல்ல. மோதலின் விசை இதழின் நுனியோடு நின்றுவிடுவதில்லை. இதழின் அடி வழியாக நடுவிலுள்ள குடத்துக்கும், அங்கிருந்து அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும், தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும், கடைசியில் கியர் பற்களுக்கும் போய்ச் சேர்கிறது. எனவே சேதத்தை வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு படியாகத் தேடி, அது எங்கே நின்றது என்று தெரிந்துகொண்ட பிறகே அரத்தைக் கையில் எடுப்பதா, பட்டறைக்கு அனுப்புவதா, புதியது வாங்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். இதழை மட்டும் நிமிர்த்தி மாட்டிவிட்டுப் பழையபடி ஓட்டுகிறவர்கள், பிறகு கியர் பெட்டியையே பிரிக்க வேண்டிய நிலைக்கு வருவது உண்டு.

சிறிய சேதம்தானே என்று தள்ளிப்போடுவதன் விளைவை ஒரு கணக்குக் காட்டிவிடும். ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் ஓர் இதழிலிருந்து 20 கிராம் உலோகம் பெயர்ந்து போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2500 முறை சுற்றும்போது அந்த 20 கிராம் குறை ஏறத்தாழ 200 நியூட்டன் விசையாகிறது. அதாவது, 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுப்பு, ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே பேரிங்கையும் சீலையும் எல்லாத் திசையிலும் அசைக்கிறது. இந்த விசை சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் இழுப்பு கால் பங்காகக் குறைந்துவிடும். அடிபட்ட புரொப்பெல்லரோடு கரை திரும்ப நேர்ந்தால் ஏன் மெதுவாக வர வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மோதிய உடனே செய்ய வேண்டியவை

அடி விழுந்ததை உணர்ந்ததும் த்ராட்டிலைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்துங்கள். காற்றோ நீரோட்டமோ படகை ஆழம் குறைந்த பக்கமாகத் தள்ளுமானால் நங்கூரத்தை இறக்கிவிடுங்கள். அடுத்து பார்க்க வேண்டியது புரொப்பெல்லரை அல்ல. படகுக்குள் தண்ணீர் ஏறுகிறதா என்பதைத்தான். இன்போர்டு எஞ்சின், அதாவது படகுக்குள்ளேயே பொருத்திய எஞ்சின், உள்ள படகில், ஷாஃப்ட் அடிப்பகுதியைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் கிளாண்டையும், வெளியே ஷாஃப்ட்டைத் தாங்கி நிற்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் உள்ளே தெரியும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பலமான அடியில் பிராக்கெட் அசைந்து, போல்ட் துளைகள் வழியே கசிவு தொடங்கியிருக்கலாம். படகின் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சினாக இருந்தால், அது மாட்டப்பட்டிருக்கும் பின்பலகையில் புதிய விரிசல் உள்ளதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங் இரு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

தண்ணீர் ஏறவில்லை என்று உறுதியான பிறகு எஞ்சினை மறுபடி இயக்கி, மிகக் குறைந்த வேகத்தில் கியரைப் போட்டுப் பாருங்கள். கரகரவென்று உலோகம் அரைபடும் ஓசையோ தட்டும் ஓசையோ கேட்டால் அதோடு நிறுத்திவிட்டு, இழுத்துச் செல்ல வேறொரு படகின் உதவியைக் கேட்பதே நல்லது. ஓசை இல்லாமல் அதிர்வு மட்டும் இருந்தால், வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அதிர்வு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே வைத்துக் கரைக்கு வாருங்கள். இன்போர்டு படகை இழுத்துச் செல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஞ்சின் நின்றிருந்தாலும் ஓடும் நீர் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சில கியர் பெட்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றும் என்பதால், ஷாஃப்ட் சுழலாதபடி கட்டி நிறுத்த வேண்டுமா என்பதைக் கையேட்டைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

சிறிய அவுட்போர்டுகள் பலவற்றில் ஷியர் பின் என்ற மெல்லிய உலோக ஊசி ஒன்று ஷாஃப்ட்டையும் புரொப்பெல்லரையும் இணைக்கிறது. மோதும்போது அது முறிந்து கியரைக் காப்பாற்றுவதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்படுகிறது. எஞ்சின் சீராக ஓடியும் படகு நகரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பின்னைத்தான். தண்ணீரின் நடுவிலேயே நட்டைக் கழற்றி, முறிந்த துண்டுகளைத் தள்ளிவிட்டு, புதியதைச் செருகிவிடலாம். பின் கைவசம் இல்லையென்று அந்த இடத்தில் இரும்பு ஆணியை நறுக்கிப் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆணி முறியாது என்பதே அதன் குற்றம். அடுத்த மோதலில் ஆணிக்குப் பதிலாகக் கியர் பல் முறியும். உண்மையான பின்கள் இரண்டு, ஒரு குறடு, ஒரு காட்டர் பின் (நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் கம்பி ஊசி) ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எஞ்சின் மூடிக்குள்ளேயே கட்டி வைப்பது இந்தத் தொல்லையை அடியோடு தவிர்க்கும்.

கயிறோ வலையோ சுற்றிக்கொண்டால், அதை அறுக்க எஞ்சினின் பலத்தை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, கயிறு எந்தத் திசையில் சுற்றியதோ அதற்கு எதிர்த்திசையில் புரொப்பெல்லரைக் கையால் திருப்பிக்கொண்டே கயிற்றின் நுனியை இழுத்தால், பெரும்பாலான சுற்றுகள் கத்தியில்லாமலே அவிழ்ந்துவிடும்.

அறிகுறிகளைப் படிப்பது

மோதியதே தெரியாமல் புரொப்பெல்லர் பழுதாவதும் உண்டு. அப்போது அறிகுறிகளைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். வேகம் கூடக்கூட அதிர்வும் கூடினால் இதழ் வளைந்திருக்கலாம், உலோகம் பெயர்ந்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட்டே வளைந்திருக்கலாம். எஞ்சினின் சுற்று சட்டென்று மேலே ஏறி, படகின் வேகம் மட்டும் ஏறாமல் நின்றால், குடத்துக்குள் அழுத்திப் பொருத்திய ரப்பர் உருளையான புஷ் பிடி விட்டு வழுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் மேற்பரப்பிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு இதழ்களைச் சூழ்ந்துகொண்டாலும் இதே அறிகுறிதான் தென்படும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. புரொப்பெல்லரின் பின்பக்கத்தில், நடுவிலுள்ள உலோகக் குழலின் விளிம்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக்குடம் வரை பெயின்ட்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். அது காய்ந்த பிறகு படகை முழுச் சுமையோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக உடைந்து விலகியிருந்தால் ரப்பர் வழுக்கியிருக்கிறது. கோடு நேராகவே இருந்தால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

இன்னொரு வழி, படகின் வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது. புரொப்பெல்லரின் மேல் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டும் பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். பிட்ச் 19 என்றால், மரத்தில் திருகாணி இறங்குவதுபோல நழுவாமல் போனால், ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் முன்னேறும் என்று பொருள். எஞ்சின் 5000 சுற்றில் ஓடி, கியர் விகிதம் 2:1 ஆக இருந்தால், புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2500 முறை சுற்றுகிறது. அப்படியானால் நழுவலே இல்லாத வேகம் மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர். ஜிபிஎஸ் 60 காட்டினால் நழுவல் சுமார் 17 விழுக்காடு. நல்ல நிலையிலுள்ள விரைவுப் படகுகளில் 10 முதல் 20 விழுக்காடு நழுவல் இயல்பானதே. இந்த எண்ணைப் படகு நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதி வைத்துவிட்டால், பிற்பாடு அதே சுமையில் நழுவல் 25 அல்லது 30 என்று காட்டும்போது யூகத்துக்கே இடமிருக்காது.

கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் எஞ்சின் தானாகவோ தவறுதலாகவோ இயங்க முடியாதபடி செய்யுங்கள். சாவியை எடுத்து, ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை விடுவித்து, பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஸ்பார்க் பிளக் வயர்களையும் பிடுங்கிவிடுங்கள். கியரில் கிடக்கும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சினின் பிஸ்டனும் சேர்ந்து நகரும். பொறி கிடைத்தால் அது இயங்கிவிடக்கூடும். உடைந்த இதழின் ஓரம் பிளேடு போல அறுக்கும் என்பதால் தடிமனான கையுறை கட்டாயம்.

அவுட்போர்டில், இதழுக்கும் அதன் மேலே படுக்கையாக நீண்டிருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் புரொப்பெல்லர் சுழலாது. காட்டர் பின்னை நிமிர்த்தி எடுத்து, அல்லது மடக்கப்பட்ட வாஷரின் காதுகளைத் தட்டி நிமிர்த்தி, நட்டைக் கழற்றுங்கள். வெளிவரும் ஒவ்வொரு வாஷரையும் வந்த வரிசையிலேயே, வந்த பக்கம் மேலே இருக்கும்படி ஒரு துணியில் அடுக்கி, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தில் வரும் கனமான தள்ளு வாஷரின் ஒரு முகம் சரிவாக இருக்கும். அதைத் திருப்பி மாட்டினாலோ மாட்டவே மறந்தாலோ, புரொப்பெல்லர் கியர் உறையையே உரசத் தொடங்கும். வர மறுக்கும் புரொப்பெல்லரைத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்கட்டையை இடையில் வைத்துக் குடத்தின் மேல் தட்டலாம். இதழின் மேல் தட்டவே கூடாது. தீ காட்டினால் உள்ளிருக்கும் ரப்பர் கருகி நச்சுப்புகை வரும், புஷ்ஷும் வீணாகும்.

இன்போர்டு புரொப்பெல்லர் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் இறுகி உட்கார்ந்திருப்பதால் அதற்கு புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி வேண்டும். நட்டை முழுவதும் கழற்றிவிடாமல், சில சுற்றுத் தளர்த்தி ஷாஃப்ட்டிலேயே விட்டுவைத்து, பிறகு புல்லரை இறுக்குங்கள். கூம்பின் பிடி விடும்போது வெடிப்பது போன்ற ஓசையுடன் புரொப்பெல்லர் பின்னால் பாயும். அந்த நட்டுத்தான் அதைப் பிடித்து நிறுத்தும். எதிரே யாரும் நிற்க வேண்டாம்.

வெளியிலிருந்து உள்ளே: எதை, எப்படிப் பார்ப்பது

புரொப்பெல்லர் கையில் வந்தவுடன் அதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வெறும் ஷாஃப்ட்டைப் பாருங்கள். மீன்பிடி நைலான் நரம்பு தள்ளு வாஷருக்குப் பின்னால் இறுக்கமாகச் சுற்றிக் கிடக்கலாம்; சுற்றும் வெப்பத்தில் உருகி, சீலின் உதட்டையே அறுத்துவிடும் அளவுக்கு அது கூர்மையானது. கியர் எண்ணெய் வடிகால் திருகைச் சற்றே தளர்த்திச் சில துளிகள் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சீல் மாற்றாமல் அந்தப் படகை ஓட்டக் கூடாது. வடிகால் திருகின் காந்தமுனையில் மெல்லிய சாம்பல் நிற மசை ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதில்களும் சில்லுகளும் இருந்தால் கியர் பல் அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்பது. ஒரு கம்பியின் முனையை ஷாஃப்ட்டின் நுனிக்கு அருகே, தொடாமல், அசையாதபடி பொருத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். இடைவெளி ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுவது கண்ணுக்கே தெரிந்தால், மேற்கொண்டு எதையும் அளக்கத் தேவையில்லை, ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவைக் கண்டுபிடிக்க நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வேண்டும். அனுமதிக்கும் அளவைக் கையேடு சொல்லும். அவுட்போர்டின் குட்டையான ஷாஃப்ட்டை நிமிர்த்துவதைவிட மாற்றுவதே பொருத்தமானது. இன்போர்டின் நீண்ட ஷாஃப்ட்டைக் கைதேர்ந்த லேத் பட்டறையில் நிமிர்த்த முடியும். ஆனால் மறுபடி பொருத்தியபின் ஷாஃப்ட்டைக் கியர் பெட்டியோடு இணைக்கும் கப்ளிங்கின் இரு முகங்களும் இணையாக இருக்கின்றனவா என்று, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால், சுற்றிலும் எடுத்த இடைவெளிகளுக்குள் வேறுபாடு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. கரையில் தூக்கி வைத்திருக்கும் படகின் உடல் சற்று வேறு வடிவம் கொள்வதால், இந்தச் சோதனையைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது செய்தால்தான் நம்பலாம்.

இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் இதழ்களுக்கு வர வேண்டும். புரொப்பெல்லரைச் சமதளமான மேசையில் குடம் கீழே படியும்படி நிறுத்தி, பக்கத்தில் ஒரு குறிமுனையை அசையாமல் வைத்து, ஒவ்வோர் இதழையும் அதனருகே திருப்பிக் கொண்டுவாருங்கள். எல்லா நுனிகளும் ஒரே உயரத்தில் வர வேண்டும். பிறகு நன்றாக இருக்கும் இதழின் மேல் தடித்த காகிதத்தை அழுத்தி, அதன் உருவத்தை வரைந்து வெட்டி, மற்ற இதழ்களின் மேல் அதை வைத்து ஒப்பிடுங்கள். தேய்ந்த ஓரம், சுருண்ட நுனி, வெட்டுப்பட்ட இடம் எல்லாம் இதில் வெளிப்பட்டுவிடும். எந்த இதழும் சரியாக இல்லையென்றால், இந்த ஒப்பீட்டை நம்பாமல் பட்டறையின் பிட்ச் அளவுகோலிடமே விட்டுவிடுங்கள்.

இதழ் குடத்தோடு சேரும் அடிப்பகுதிதான் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். வளைக்கும் விசை முழுவதும் அங்கே வந்து குவிகிறது. பெயின்ட்டைச் சுரண்டி, நன்றாகக் கழுவி உலர்த்தி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, குப்பியில் குறிப்பிட்டிருக்கும் நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளியுங்கள். விரிசல் இருந்தால் மயிரிழை போன்ற சிவப்புக் கோடு மேலே எழுந்து வரும். பெரிய கப்பல்களின் வெண்கலப் புரொப்பெல்லர்களுக்குக் கப்பல் வகைப்பாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்திருக்கும் விதிகள், இதழின் அழுத்த முகத்தில், அதாவது தண்ணீரைத் தள்ளும் பக்கத்தில், அடியிலிருந்து ஆரத்தின் 0.4 பங்கு வரையிலான பகுதியைத் தனியாக வரையறுத்து, அங்கே பொதுவாக வெல்டிங்கையே அனுமதிப்பதில்லை. அந்த விதிகள் சிறிய படகுகளுக்கானவை அல்ல என்றாலும், அவற்றின் பின்னுள்ள காரணம் எல்லா அளவுக்கும் பொருந்தும். அடியில் விரிசல் விட்ட சிறிய புரொப்பெல்லரை ஒட்டவைத்து ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வெண்கலத்தில் நிறத்தையும் பாருங்கள். மாங்கனீசு வெண்கலம் என்ற பெயரில் வருவது உண்மையில் துத்தநாகம் கலந்த ஒருவகைப் பித்தளை. உப்புநீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறினால் உலோகம் இளஞ்சிவப்பாகி உறுதி இழக்கும். கட்டித் தொங்கவிட்டுச் சிறிய உலோகத் துண்டால் இதழை மெல்லத் தட்டினால் நல்ல வெண்கலம் கணீரென்று ஒலிக்கும். நோயுற்றதும் விரிசல் விட்டதும் மந்தமாக ஒலிக்கும். இப்படிப்பட்ட புரொப்பெல்லரைத் திருத்துவதற்கு முன், மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாக ஆனோடு கரைந்து தீர்ந்துவிட்டதா, படகின் மின்சுற்றில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

கையால் செய்யக்கூடியதும் கூடாததும்

இதழின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் வெட்டுகளையும் பிசிறுகளையும் மட்டுமே வீட்டில் சரிசெய்வது நியாயம். புரொப்பெல்லரை மரத்துண்டுகள் வைத்த வைஸில் பிடித்து, அரைவட்ட அரத்தால் ஓரத்தின் போக்கிலேயே ஒரே திசையில் இழுங்கள். கூரான வெட்டு அப்படியே இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே அதன் அடிவரை உலோகத்தை எடுத்து, இரு பக்கமும் நீண்டு தணியும் ஆழமில்லாத வளைவாக அதை மாற்றுவதே வேலையின் நோக்கம். தண்ணீரை முதலில் எதிர்கொள்ளும் ஓரம் சற்று உருண்டும், தண்ணீர் விட்டுப் பிரியும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டை அரத்தால் அழித்துவிடாதீர்கள். பின் ஓரத்தில் கிண்ணம்போலச் சிறிய மடிப்பு இருந்தால் அது சேதமல்ல. இதழ் தண்ணீரைப் பிடிப்பதற்காகவே வைத்த வடிவம். அதைத் தட்டி நிமிர்த்திவிட்டு, எஞ்சினின் சுற்று ஏன் கூடிவிட்டது என்று பிறகு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரத்துக்குப் பிறகு, முரடிலிருந்து மென்மைக்கு என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு முடியுங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம்; ஒரு நொடி கை அழுத்தினால் எடுக்க நினைத்ததைவிடப் பல மடங்கு போய்விடும், போனதைத் திரும்ப வைக்க முடியாது. ஓர் இதழ் குறைந்துவிட்டதென்று மற்ற இதழ்களையும் அதே அளவுக்கு வெட்டிச் சமன் செய்யும் பழக்கமும் தவறானது. விட்டமும் பரப்பும் குறைந்து, எஞ்சின் தன் எல்லைக்கு மேல் சுற்றத் தொடங்கும்.

வளைவை நிமிர்த்துவது வேறு விஷயம். அலுமினிய இதழின் ஓரம் விரல் அகலத்துக்கும் குறைவாகச் சுருண்டிருந்தால், கீழே கட்டை கொடுத்து மரச் சுத்தியலால் ஒரே ஒரு முறை நிமிர்த்திப் பார்க்கலாம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரிசல் உண்டா என்று சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். வார்ப்பு அலுமினியம் முன்னும் பின்னும் வளைவதைத் தாங்காது. வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் உலோகம் இறுகி உடையும் தன்மை பெறும்; அதைச் சரியான வெப்பத்தில், சரியான அச்சில் வைத்தே நிமிர்த்த வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கையால் செய்யும் எதற்கும் அசையாது. அரம் போட்டு வெளுத்த அலுமினியத்துக்கு, அதற்குரிய பிரைமரும் பெயின்ட்டும் பூசுங்கள். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட்டைப் பூசினால் அலுமினியமே அரிக்கத் தொடங்கும்.

பட்டறையா, புதியதா

சிறிய அலுமினியப் புரொப்பெல்லரில் இதழின் ஓரம் மட்டுமல்லாமல் உடலே வளைந்திருந்தால், திருத்தும் கூலியைப் புதியதன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் புதியதே மலிவாக இருக்கும். வெல்டிங்கின் வெப்பம் அலுமினியத்தின் உறுதியையும் சற்றுக் குறைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெண்கலமும் விலை அதிகம், வெல்டிங்கையும் நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்பதால் திருத்துவதில் பொருள் உண்டு. ரப்பர் புஷ் மட்டும் வழுக்கியிருந்தால் பட்டறையில் புதியதை அழுத்தி ஏற்றலாம். கழற்றி மாற்றும் புஷ் உள்ள மாதிரிகளில் அதை நீங்களே மாற்றிவிடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வேகத்துக்கு ஆசைப்பட்டு அலுமினியத்திலிருந்து மாறுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பாறை நிறைந்த ஆழமற்ற நீரில் வளைந்து கொடுக்கும் அலுமினியம் தன்னை இழந்து கியரைக் காக்கிறது. வளையாத ஸ்டீல் அந்த அடியை உள்ளே அனுப்புகிறது.

பட்டறையில் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: ஒவ்வோர் இதழின் பிட்ச்சையும் பல ஆரங்களில் அளந்து, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எழுதித் தருவார்களா? ஐஎஸ்ஓ 484 என்ற தரநிலை புரொப்பெல்லர்களை எஸ், 1, 2, 3 என்று நான்கு துல்லிய வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் மொத்தச் சராசரிப் பிட்ச்சின் பிழை 1-ஆம் வகுப்பில் 0.75 விழுக்காட்டுக்குள்ளும் 3-ஆம் வகுப்பில் 3 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். அந்தத் தரநிலை 0.80 மீட்டருக்கு மேற்பட்ட விட்டத்துக்காக எழுதப்பட்டதே என்றாலும், சிறியவற்றுக்கும் எந்த வகுப்புக்குத் திருத்துகிறோம் என்று சொல்லத் தெரிந்த பட்டறை வேலை அறிந்த பட்டறை. அளக்காமல் கண்ணளவில் நிமிர்த்தி, சாணை பிடித்துப் பளபளப்பாக்கித் தருவதில் பொருளில்லை.

புதியது வாங்கும்போது, பழையதில் பொறித்த விட்டம், பிட்ச், சுழலும் திசை மூன்றையும் எழுதிச் செல்லுங்கள். பிட்ச்சை ஓர் அங்குலம் கூட்டினால் முழுத் த்ராட்டிலில் எஞ்சின் சுமார் 150 முதல் 200 சுற்றுகள் குறையும். குறைத்தால் அதே அளவு கூடும். கையேடு 5000 முதல் 6000 வரை என்று சொல்ல, உங்கள் எஞ்சின் வழக்கமான சுமையில் 4700-ஐத் தாண்டவில்லை என்றால், பழைய அளவையே திரும்ப வாங்காமல் இரண்டு அங்குலம் குறைந்த பிட்ச்சை எடுப்பதற்கு இதுவே தருணம்.

திரும்ப மாட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

அவுட்போர்டு ஷாஃப்ட்டின் பற்களைத் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். அடுத்த முறை கழற்றுவது அதனால்தான் சுலபமாகும். இன்போர்டின் கூம்பில் கிரீஸ் கூடாது. அங்கே பிடிப்பைத் தருவது உலோகமும் உலோகமும் படியும் முகம்தான். முதலில் சாவித்துண்டு (ஷாஃப்ட்டையும் புரொப்பெல்லரையும் சேர்த்துப் பூட்டும் உலோகத் துண்டு) இல்லாமல் புரொப்பெல்லரை ஏற்றி, அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று ஷாஃப்ட்டில் குறி வையுங்கள். பிறகு சாவித்துண்டோடு ஏற்றும்போதும் அதே குறிவரை போக வேண்டும். போகவில்லை என்றால் சாவித்துண்டு முட்டிக்கொண்டிருக்கிறது; அந்த நிலையில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கூம்பு பிடிக்காது.

நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கிய பிறகு காட்டர் பின்னின் துளை நேராக வராவிட்டால், கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள். தளர்த்தி நேராக்க வேண்டாம். காட்டர் பின் எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அலையில்லாத நாளைத் தேர்ந்தெடுத்து, வழக்கமான ஆட்களோடும் எரிபொருளோடும் புறப்படுங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு 500 சுற்றுக்கும் ஜிபிஎஸ் வேகத்தைக் குறித்து, அதே தூரத்தை எதிர்த்திசையிலும் ஓட்டி இரண்டின் சராசரியை எடுங்கள். நீரோட்டத்தின் பங்கு இதில் கழிந்துவிடும். முன்பு எழுதி வைத்த நழுவல் எண்ணோடு இதை ஒப்பிடுங்கள். அதிர்வு இன்னும் இருந்து, புரொப்பெல்லர் அளந்து திருத்தப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், குற்றம் ஷாஃப்ட்டிலோ பேரிங்கிலோ எஞ்சின் தாங்கிகளிலோ இருக்கிறது. அப்போது இதழை மறுபடி அரத்தால் தொட வேண்டாம்.

கரை வந்ததும் நட்டின் இறுக்கத்தை மறுபடி சோதித்து, ஒரு நாள் விட்டு கியர் எண்ணெயை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அடிபட்ட சீல் உடனே விடாமல், சில பயணங்களுக்குப் பின் மெல்லக் கசியத் தொடங்குவதும் உண்டு. திருத்திய பழைய புரொப்பெல்லர் அளவில் சரியாக இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல், தேவையான ஸ்பேனர், ஒரு நட்டு, தள்ளு வாஷர், இரண்டு காட்டர் பின்கள், ஒரு மரக்கட்டை ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டிப் படகிலேயே உபரியாக வைத்திருங்கள்.